முழங்கால் உயரத்துக்கு வெட்டிய மல்லி

குடுமியான்மலை
10.04.2024

மணமேல்குடி உதயசூரியன் அவர்களுக்கு,

வணக்கம். மேலே என்ன போட்டு அழைப்பது என்று தெரியாமல் கால்மணி நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘சம்பந்தி’ என்று போட்டால் இப்போது இருக்கிற நிலைமைக்குக் கேலி மாதிரி இருக்கும். ‘ஐயா’ என்று போடலாம் என்றால் உங்களுக்கும் எனக்கும் ரெண்டு வயதுதான் வித்தியாசம். அதனால் பேரையே போட்டுவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்து மீன் வண்டி அய்யாக்கண்ணு போன வாரம் அன்னவாசலில் என் கடைக்குத் தார்ப்பாய் எடுக்க வந்தான். பில் போடும்போது சொல்கிறான்: “அண்ணே, ஒங்க மக நட்ட மல்லி இருக்கே, தெருமுனையில வண்டியை நிறுத்துனாலே வாசம் தூக்குது. சார் தினம் ஒரு கூடை பறிக்கிறாரு.” நான் “வேற வீடா இருக்கும்டா” என்றேன். “சார் வீடு எனக்குத் தெரியாதா? கொல்லையில துவைக்கிற கல்லு, அதுக்கு அங்கிட்டு செடி” என்று அடையாளம் சொல்லுகிறான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மகள் வைஷ்ணவி அவள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு இங்கே வந்து மூன்று வாரம் இருந்துவிட்டு, பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால் உங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அந்தச் செடி முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நின்றது. மாடிக் கைப்பிடி வரை ஏறி நின்ற செடி. இங்கிருந்து அவள் கையாலேயே பதியன் போட்டு, கல்யாணச் சீரோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தது. கேட்டதற்கு உங்கள் மகன் வசந்தகுமார், “இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, வெட்டிட்டேன்” என்றாராம். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். “இன்னைக்குச் செடி எடத்தை அடைக்குது, நாளைக்கு நான் அடைப்பேன்” என்று ஒரே வாக்கியம். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் எதையும் பிடுங்க முடியவில்லை.

மாசியில் வண்டி அனுப்பி பீரோ, கட்டில், பாத்திரமெல்லாம் லிஸ்ட் வைத்து எடுத்துக்கொண்டோம். நீங்களே நின்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக் கொடுத்தீர்கள். செடி லிஸ்டில் இல்லை. நான் இப்போது அதைக் கேட்கவும் இல்லை. கேட்பது வேறு. மொட்டையடித்த செடி எப்படிக் கூடை கூடையாய்ப் பூக்கும்? அதன் தாய்ச்செடி ரெண்டு என் கிணற்றடியில் இருக்கிறது. தென்னையில் பாதி ஏறிவிட்டது. எல்லாம் இலை. ஒரு பிடி பூப் பறிக்க ஏணி போட வேண்டியிருக்கிறது. நீங்கள் மீன் கழுவின தண்ணி ஊற்றுகிறீர்கள் என்பது என் சந்தேகம்.

முப்பத்தைந்து வருடம் சாக்கு வியாபாரம். சைக்கிளில் பழைய சாக்குக் கட்டு வைத்து ஆரம்பித்தவன். அடி வரை கையை விட்டுப் பார்க்காமல் ஒரு சாக்கு வாங்கியதில்லை. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. அதற்காகத்தான் எழுதுகிறேன். வக்கீல் விஷயம் தனி. ஒரு வருடம் பிரிந்திருந்தால்தான் ரெண்டு பேரும் சேர்ந்து விவாகரத்து மனுப் போட முடியும் என்கிறார். தை பிறந்ததும் கையெழுத்து. அதில் மாற்றமில்லை.

ஃபோனில் கேட்கலாம்தான். ஆனால் போன தடவை நான் “பீரோ எப்ப அனுப்புவீங்க” என்று கத்த, நீங்கள் “சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு” என்றீர்கள். உங்கள் காதுக்கும் என் கோபத்துக்கும் தபால்தான் நல்லது.

இப்படிக்கு,
சி. மலையாண்டி
சாக்கு, தார்ப்பாய், கயிறு வியாபாரம்


மணமேல்குடி
18.04.2024

மதிப்பிற்குரிய மலையாண்டி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம். உங்கள் துணைவியாரின் கண் இப்போது தெளிவாகத் தெரிகிறதா? விசாரித்ததாகச் சொல்லவும்.

முதலில் செடி. அய்யாக்கண்ணு சொன்னது உண்மை. கூடை என்பது மட்டும் மிகை. ஒரு சிறிய சொளகு நிறையும். மீன் கழுவிய தண்ணீர் காரணமில்லை. ஒருமுறை ஊற்றினேன். தெருப் பூனைகள் ஒன்றுகூடி வேரைத் தோண்டிவிட்டன. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

வெட்டியதால்தான் பூத்தது. மல்லிகை பழைய கொம்பில் பூக்காது. புதிதாக விடும் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டாமல் விட்டால் உயரமாகப் போகும், இலை தழைக்கும், பார்க்க நன்றாக இருக்கும், பூ இருக்காது. மார்கழியில் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரை நிறுத்தி, முழங்கால் உயரத்தில் வெட்டி, மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட வேண்டும். மண்ணைக் கொத்தி, மக்கிய சாணமும் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் போட்டு, பிறகு தண்ணீர். மாசியில் துளிர், பங்குனியில் மொட்டு. வெட்டி ஒரு மாதம் வரை அது செத்த செடி போலத்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு மனம் பொறுக்காது.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே பாருங்கள். உங்களிடம் இரண்டு செடி இருப்பது வசதி. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட லேபில் அசிஸ்டென்டாக இருந்தவன் சொல்கிறேன்: ஒன்றை மட்டும் வெட்டுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். தண்ணீர், எரு இரண்டுக்கும் ஒரே அளவு. இது சரியான பருவமில்லை, ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

இனி நான் கேட்க வேண்டியது. உங்கள் கடிதத்தில் ‘இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு’ என்ற வரியைப் பல முறை படித்தேன். எனக்கு இது புதிய செய்தி. வைஷ்ணவி அன்று காலை கிளம்பியபோது, அம்மாவுக்குக் கண்ணில் மறுபடி ஏதோ என்று மகன் சொன்னான். மாசியில் உங்கள் வண்டி வந்து நின்றபோது, “ஒத்து வரலப்பா” என்றான். நான் மேலே கேட்கவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது என் கொள்கை.

மருமகள் போனது அந்தச் செடியினாலா? அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைத் தெரிந்தவரை அப்படியே எழுதுங்கள். காரணமாகத்தான் கேட்கிறேன்.

பூவைக் குழாயடிக்கு வரும் பெண்களிடம் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் சூடிக்கொள்ள ஆளில்லை.

அன்புடன்,
உதயசூரியன்


குடுமியான்மலை
06.05.2024

உதயசூரியன் அவர்களுக்கு,

கண் நன்றாகத் தெரிகிறது. அதுதான் இப்போது தொந்தரவு. என் சட்டையில் இருக்கிற சாக்குத் தூசி ஒவ்வொன்றும் சுகுணாவுக்குத் தெரிகிறது.

உங்கள் பாடத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்டினால் பூக்கும் என்றால் ஊரில் ஆடு மேய்ந்த செடியெல்லாம் பூத்துக் குலுங்க வேண்டுமே? ஆனாலும் சரக்கைப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது. மேற்குப் பக்கத்துச் செடியை மே ஒன்றாம் தேதி, கடை லீவு அன்று, அரிவாளால் வெட்டினேன். முழங்கால் என்றால் யார் முழங்கால்? நீங்கள் நெட்டை, நான் குட்டை. என் முழங்காலையே வைத்துக்கொண்டேன். கிழக்குச் செடியைத் தொடவில்லை. இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு குடம் தண்ணி.

சுகுணா ஓடி வந்தாள். “என்னங்க பண்றீங்க, கிறுக்கா ஒங்களுக்கு?” என்றாள். “பரிசோதனை” என்றேன். “கட்டிக் குடுத்த பொண்ணு வீட்டுல வந்து கெடக்கு. நீங்க செடியை வெட்டிப் பரிசோதனை பண்றீங்களாக்கும்” என்றாள். வைஷ்ணவி சத்தம் கேட்டு வந்து பார்த்தாள். வெட்டின கொம்பெல்லாம் தாறுமாறாகக் கிடந்தது. “இதை யாரு வெட்டச் சொன்னா?” “நானேதான்.” “என்னைக் கேட்டீங்களா? இந்தச் செடிக்குப் பத்து வருசம் தண்ணி ஊத்துனவ நான்தானே?” என் கிணறு, என் செடி, என் அரிவாள் என்று சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து முழுங்கிவிட்டேன்.

நீங்கள் கேட்டது. சுகுணாவிடம் அவள் சொல்லியிருக்கிறாள், அதை அப்படியே எழுதுகிறேன். அன்று சாயங்காலம் வந்ததும் நேரே கொல்லைக்குப் போயிருக்கிறாள். செடியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உங்கள் மகனிடம், “யாரு வெட்டுனது?” அவர், “நான்தான்.” “ஏன்?” அவர் கொல்லைப் பக்கம் பார்த்துவிட்டு, “இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு.” அவ்வளவுதான் பேச்சு. நீங்கள் முன் அறையில் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்களாம்.

உங்கள் கேள்வியில் ஏதோ இருக்கிறது. எதிரில் இருக்கிறவன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பத் திரும்பச் சரக்கைத் தடவினால் அவனுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது என்று அர்த்தம். என்ன அது? மறைக்காமல் எழுதுங்கள்.

செடி இன்றைக்குச் செத்த மாதிரிதான் நிற்கிறது. பூக்கவில்லை என்றால் நேரில் வந்து சண்டை போடுவேன்.

சி. மலையாண்டி


மணமேல்குடி
14.05.2024

அன்புள்ள மலையாண்டி அவர்களுக்கு,

செடியை வெட்டியது என் மகன் இல்லை. நான்.

மார்கழி பன்னிரண்டாம் தேதி காலையில் வெட்டினேன். வேளாண்மைக் கண்காட்சியில் வாங்கிய ஒரு சிறு புத்தகத்தில் படித்திருந்தேன். இரண்டு வருடமாக வைஷ்ணவி அந்தச் செடிக்குப் பாடுபட்டதைப் பார்த்தவன் நான். உங்கள் கடைக் கயிற்றைக் கட்டி மாடி வரை ஏற்றிவிட்டாள். அது வளர்ந்ததே தவிர, வெள்ளிக்கிழமைக்கு நாலு மொட்டுக்கு மேல் தரவில்லை. “மாமா, இது ஏன் பூக்க மாட்டேங்குது?” என்று என்னிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறாள். அவள் இல்லாத சமயத்தில் வெட்டிவிட்டால், பங்குனியில் பூத்ததும் பார்த்து ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். வெட்டிய கொம்புகளைப் பொங்கல் அடுப்புக்கு ஆகும் என்று கட்டியும் வைத்தேன். அவள் வந்ததும் சொல்ல இருந்தேன். அன்று மாலை முகம் கழுவிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். காலையில் பஸ் ஏறிவிட்டாள்.

ஆக, நான்கு மாதமாக என் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியாமல், உங்கள் கடிதம் மூலம் தெரிந்திருக்கிறது.

நேற்று மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். “ஏன்டா நீ வெட்டினதா சொன்னே?” ஐஸ் பிளான்ட்டில் வேலை முடிந்து வந்த ஈரச் சட்டையோடு நின்றான். “நீங்கன்னு சொன்னா ஒங்களைக் கோவிச்சுக்கும். என்னைக் கோவிச்சா ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்னு நெனச்சேன்.” “இடத்தை அடைச்சதுன்னு ஏன் சொன்னே?” “நீங்க ஏன் வெட்டுனீங்கன்னு எனக்குத் தெரியாதே. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.” “என்னைக் கேட்டிருக்கலாமே?” அதற்கு அவன் சொன்னதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. “ஒங்ககிட்ட ஒரு விசயத்தைக் கேக்கறதுன்னா தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தணும்ப்பா” என்றான்.

மல்லிகை எதில் பூக்கும் என்று படித்தேன். செடிக்குச் சொந்தக்காரியைக் கேட்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தவறு என்னுடையது. இதை வைஷ்ணவியிடம் சொல்லும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் தை மாதம்தான் முடிவென்றால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

உதயசூரியன்


குடுமியான்மலை
23.06.2024

உதயசூரியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தபால் தாமதம் என்று பொய் சொல்லலாம். சொல்லவில்லை. கடைக்கு வந்த கடிதத்தைச் சாக்குக் கட்டுக்கு அடியில் செருகி வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அன்னவாசல் கடைத்தெரு பூராவும் நான் சொல்லியிருக்கிறேன்: “என் பொண்ணு செடியை வெட்டுனவன், நாளைக்கு என்ன வேணும்னாலும் செய்வான்.” டீக்கடையில், சங்கக் கூட்டத்தில், இலுப்பூர் சந்தையில். பீரோவை நானே வண்டி வைத்துத் தூக்கி வந்தேன். வைஷ்ணவி கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். “பொறுங்கப்பா” என்றாள், அது என் காதில் ஏறவில்லை. உங்களுக்காவது மெஷின் இருக்கிறது. இப்போது போய், செடியை வெட்டியது மாமனார், அதுவும் ஆசையாக வெட்டினார் என்றால் என் மூஞ்சியை எங்கே வைப்பேன்?

ஆனால் மேற்குச் செடி என்னைச் சும்மா விடவில்லை. பதினெட்டாம் நாள் கணுவில் மிளகு மாதிரி பச்சை. இருபத்தைந்தாம் நாள் துளிர். காலையில் பல்லைக்கூட விளக்காமல் கிணற்றடிக்குப் போய் அதைப் பார்ப்பேன். பின்னாலேயே வைஷ்ணவியும் வந்து நிற்பாள். ரெண்டு பேரும் பேசுவதில்லை, பார்ப்போம். போன வெள்ளிக்கிழமை கிழக்குச் செடியில் ஏழு பூ, ஏணி போட்டுப் பறித்தது. மேற்கில் உட்கார்ந்துகொண்டே நூற்றுப் பதினொன்று. எண்ணினது நான்தான். உங்கள் பாடம் பாஸ்.

அந்தப் பூவை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டே வைஷ்ணவி கேட்டாள். “அப்பா, வெட்டினா பூக்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?” நான் ஏணியை நகர்த்தப் போனேன். “மாமாதானே?” என்றாள். அதற்கு மேல் நடிக்க என்னால் முடியவில்லை. கடைக்குப் போய் கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தேன். சாக்கு நாற்றத்தோடு படித்தாள்.

படித்து முடித்துவிட்டு அவள் சொன்னது, நான் எதிர்பார்க்காதது. “மாமா வெட்டினாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா.” எப்படி என்றேன். “கொம்பெல்லாம் ஒரே அளவா நறுக்கி, ரெண்டு எடத்துல முடிச்சுப் போட்டு, பெருசு கீழ, சிறுசு மேலன்னு அடுக்கி வச்சிருந்துச்சு. அவரு மகன் கட்டுற முடிச்சு தன்னோட லுங்கியிலயே நிக்காது. பாத்ததுமே தெரிஞ்சுருச்சு.”

“அப்பறம் ஏன் கேட்டே?”

“எங்கிட்ட உண்மையைச் சொல்றாரான்னு கேட்டேன். மாமா ஏதோ நெனச்சு வெட்டியிருக்காரு, கேப்போம்னுதான் உள்ளயே போனேன். இவரு ‘நான்தான்’னாரு. காரணம் கேட்டா ஒரு காரணத்தை உண்டாக்குறாரு. ஒரு செடிக்காக வயசானவரோட சண்டைக்குப் போற பொம்பளைன்னு என்னை நெனச்சாரு பாருங்க. ரெண்டு வருசம் ஒரே வீட்டுல சாப்புட்டும் நான் அவருக்கு அம்புட்டுத்தான். அதுக்குத்தான் வந்தேன். செடிக்கு இல்ல.”

ஆக, கடைத்தெருவில் நான் சொன்னதும் தப்பு, நீங்கள் எழுதினதும் முழுசு இல்லை. அடி வரை கையை விடுகிறவன் என்று பெருமை பேசினேன். என் வீட்டுச் சாக்கிலேயே பாதி வரைதான் விட்டிருக்கிறேன்.

உங்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. “கேட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னாள். அதை எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.

சி. மலையாண்டி


மணமேல்குடி
02.07.2024

அன்புள்ள மலையாண்டி அவர்களுக்கு,

நூற்றுப் பதினொன்று! பருவம் தவறி வெட்டியதற்கு இது மிக அதிகம். உங்கள் செம்மண்ணுக்கு நன்றி சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மகனிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். சாப்பிடும்போது, “என் முடிச்சு நிக்காதுன்னா சொல்லுச்சு?” என்றான். அதில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததாக எனக்குப் பட்டது. தவறாகவும் இருக்கலாம்.

மறுநாள் ஐஸ் பிளான்ட்டுக்குப் போகுமுன் கொல்லையில் குந்தியிருந்தான். தாழ்ந்த கொம்பு ஒன்றை வளைத்து, நடுவில் லேசாகத் தோலைச் சீவி, மண் நிரப்பிய தொட்டிக்குள் அழுத்தி மேலே கல் வைத்திருந்தான். பதியன். எங்கே கற்றான் என்று தெரியவில்லை. வைஷ்ணவி செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். கல்லை நேராக வைத்திருக்கலாம். நான் அதைத் தொடவில்லை. அவனுடைய பதியன்.

வேர் பிடிக்க மூன்று மாதமாவது ஆகும். அதுவரை தாய்க் கொம்பை அறுக்கக் கூடாது.

ஒன்று கேட்கிறேன். என்ன சொன்னால் அவளுக்குச் சரியாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

உதயசூரியன்


குடுமியான்மலை
27.10.2024

உதயசூரியன் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்கு அப்போதே பதில் எழுதாததற்குக் காரணம், எனக்குத் தெரியாது என்பதுதான். தெரியாததை விற்கிற பழக்கம் இல்லை.

முந்தாநாள் உங்கள் மகன் என் கடைக்கு வந்தார். சொல்லிவிட்டு வந்தாரா என்று தெரியவில்லை, அதனால் நடந்ததை எழுதுகிறேன். தீபாவளி நெருக்கம், கடையில் கூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கித் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். சட்டை பூராவும் மண். “வாங்க” என்றேன். உட்காரச் சொன்னால் சாக்குக் கட்டு மேல் உட்கார்ந்தார். நான் ரெண்டு வியாபாரம் முடித்தேன். அதுவரை ஒரு வார்த்தை இல்லை. அப்பனுக்குக் காது கேட்காது, மகனுக்கு வாய் இல்லை. நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

வைஷ்ணவி இப்போது மதியத்துக்கு மேல் என் கடையில் பில் போடுகிறாள். மூன்று மணிக்கு வந்தாள். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சத்தியமாக நான் வரச் சொல்லவில்லை என்று கையால் காட்டினேன்.

அவர் எழுந்து நின்றுகொண்டு சொன்னார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. “செடியை வெட்டினது அப்பா. நான் இல்ல. ஏன் வெட்டினாருன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. ஒங்கிட்ட பொய் சொன்னேன்.”

“இதைச் சொல்ல ஒம்போது மாசமா?”

“எப்படிச் சொல்றதுன்னு...”

“இப்பச் சொன்னீங்கள்ல, அப்படித்தான்.”

கயிறு வாங்க வந்த ஒரு ஆயா, “சொல்லிட்டாருல்ல, விடு ஆத்தா” என்றது. வைஷ்ணவி அந்தப் பக்கம் திரும்பி, “ஒங்களுக்கு எத்தனை முழம் பாட்டி?” என்றாள். ஆயா அடங்கிவிட்டது.

பிறகு தொட்டியை வாங்கிப் பார்த்தாள். மண்ணை விரலால் ஒதுக்கி வேரைப் பார்த்தாள். தொட்டியைச் சுற்றி உங்கள் மகன் கயிறு கட்டியிருந்தார், பஸ்ஸில் சாயாமல் இருக்க. அதைத் தொட்டதும் அவிழ்ந்தது. அவள் சிரித்தது எனக்குத் தெரிந்தது; அவருக்குத் தெரியக் கூடாது என்று குனிந்துகொண்டாள். “நாலரை மணி பஸ்ஸை விட்டா அடுத்தது லேட்டாகும்” என்றாள். அவர் போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

கிணற்றடியில் மேற்குச் செடிக்கும் கிழக்குச் செடிக்கும் நடுவில் நட்டிருக்கிறாள். நான் எங்கே நடலாம் என்று யோசனை சொல்லப் போனேன். சொல்லாமல் திரும்பி வந்தேன்.

சி. மலையாண்டி


மணமேல்குடி
05.12.2024

அன்புள்ள சம்பந்தி,

இப்படி எழுதலாமா என்று உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேன். கூடாதென்றால் அடித்துவிட்டுப் படிக்கவும்.

மார்கழி பிறக்கப் போகிறது. செடி மறுபடி மாடிப்படி மூன்றாவது படி வரை வந்துவிட்டது. இப்போதிலிருந்தே தண்ணீரைக் குறைத்தால்தான் வெட்டச் சரியாக இருக்கும். இந்த முறை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று எழுதுகிறேன். செடி வைஷ்ணவியுடையது. வெட்டலாமா? எவ்வளவு உயரத்தில்? வேண்டாம் என்றால் அப்படியே வளரட்டும். பூக்காவிட்டாலும் பரவாயில்லை.

தை மாதக் கையெழுத்துக்கு வக்கீல் தேதி சொன்னால் தெரியப்படுத்தவும். மகன் லீவு சொல்ல வேண்டும்.

உதயசூரியன்


குடுமியான்மலை
12.12.2024

அன்புள்ள சம்பந்தி,

அடிக்கவில்லை. அப்படியே படித்தேன். மேலே நான் என்ன போட்டிருக்கிறேன் என்று பாருங்கள். இந்தத் தடவை பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் நான் படிக்காமல் வைஷ்ணவியிடம் கொடுத்தேன். நம்புங்கள், முதல் தடவையாக ஒரு கடிதத்தைப் படிக்காமல் கொடுத்திருக்கிறேன். அவள் கல்லாவில் நின்று படித்தாள். ‘வெட்டலாமா’ என்ற இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தாள். அப்புறம் எனக்கும் காட்டினாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை: “தண்ணியை இப்பவே நிறுத்திரச் சொல்லுங்க. யாரும் வெட்ட வேணாம். மார்கழி பன்னெண்டாம் தேதி நான் வாரேன். என் முழங்கால் உயரத்துக்கு நானே வெட்டுறேன். மாமா கொம்பை அடுக்கித் தரட்டும். பொங்கல் அடுப்புக்கு ஆகும்.”

நேற்று கடையில் புது அரிவாள் ஒன்று எடுத்து வைத்தாள். கயிறு ஒரு சுருள். பை சின்னதா பெரியதா என்று எட்டிப் பார்த்தேன். இன்னும் எடுத்து வைக்கவில்லை.

இன்று காலை வக்கீல் ஃபோன் செய்தார், தை எத்தனாம் தேதி வசதி என்று. வைஷ்ணவி பக்கத்தில்தான் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் தலை நிமிரவில்லை. “அப்பறம் சொல்றேன் சார்” என்று வைத்துவிட்டேன்.

வெட்டிவிட்டுத் திரும்பி வருவாளா, பங்குனிப் பூவைப் பார்க்கிற வரை இருப்பாளா, எனக்குத் தெரியாது சம்பந்தி. சுகுணா தினம் ராத்திரி என் விலாவில் இடிக்கிறாள், “கேளுங்களேன், கேளுங்களேன்” என்று. எனக்கும் நாக்கு நுனி வரை வருகிறது. முப்பத்தைந்து வருடத்தில் இந்த ஒரு சாக்கில்தான் கையை விடாமல் நிற்கிறேன்.

மார்கழி பன்னிரண்டாம் தேதி காலை ஏழு மணி பஸ்ஸில் நானே ஏற்றிவிடுகிறேன். வந்து சேர்ந்ததும் மெஷினை மாட்டிக்கொண்டு இருங்கள்.

உங்கள்
மலையாண்டி